கரி போடாத பாத்திகள்

லுணுகலை
14 ஜூலை 1923

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கத்துடன் சுகிர்தம் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி தணிந்ததா?

கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளைக் கரியாக்கி, சாணக் கரைசலில் ஊறவைத்து, பாதி அவரைப் பாத்திகளில் கலந்தேன். மீதிப் பாத்திகளுக்குச் சாணம் மட்டும். கரியால் விளைச்சல் கூடினால் பாத்திகள் இருக்கும் மலைச்சரிவை லயத்துக் கூலிக் குடும்பங்களுக்குக் காய்கறித் தோட்டம் போடத் தருவதாக எஸ்டேட் துரை சொல்லியிருந்தார். நேற்று அவர் பார்க்க வந்தபோது எல்லாப் பாத்திகளும் ஒரே செழிப்பு. பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றும் லயத்து இராக்கம்மாவைக் கேட்டேன்.

"மிச்சக் கரிய நாந்தாங்கம்மா போட்டேன். பந்தியில உக்கார வச்சிட்டு பாதிப் பேருக்கு மட்டும் சோறு போட்டா நல்லாவா இருக்கும்?"

துரை சிரித்துவிட்டார். ஒப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை, எதுவும் நிரூபணமாகவில்லை என்று நானே அவரிடம் சொன்னேன். இன்னொரு போகம் தந்திருக்கிறார். அதற்குள் காட்டிவிடுவேன்.

அவரை விதை இரண்டு படி அனுப்புங்கள். கடிதத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். இங்கே மாலைப்பொழுது நீளம்.

இராக்கம்மா இன்று காலையிலேயே சரிவில் தனக்கு வரப்போகும் பங்கின் நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டாள். பிடுங்கச் சொல்லப் போனவள், அப்படியே திரும்பி வந்தேன்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
சுகிர்தம்