மாடி போர்ஷனும் உங்கள் கணிப்பும்

அக்கா,

மாடி போர்ஷனுக்கு இன்றுதான் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். அந்த வாசனை படியிறங்கி என் சமையலறை வரை வந்துவிட்டது. வாசலில் டு-லெட் பலகையும் மாட்டியாயிற்று. வீடு பார்க்க ஆள் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து எழுந்து வர நீங்கள் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நம் குரோம்பேட்டையில் வாடகைக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் வேலை, சொந்த ஊர், சைவமா அசைவமா என்று குடைவார்கள். நீங்கள் ஒன்றும் கேட்கமாட்டீர்கள். வந்தவர்கள் முதலில் எங்கே போகிறார்கள் என்று மட்டும் பார்ப்பீர்கள். "நேரா பாத்ரூம் குழாயைத் திறந்து பாக்கறாங்களா, நிலைச்சு இருப்பாங்க. மொட்டை மாடிக்கு ஓடி காத்து வாங்கறாங்களா, தாங்க மாட்டாங்க." சொல்லி வைத்தாற்போல் அப்படியே நடக்கும். நானோ பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். எதற்கும் சரியான சொல் வேண்டும். "இது கணிப்பா, முன்முடிவா அக்கா?" என்பேன். "பலிச்சா கணிப்பு, பலிக்கலைன்னா முன்முடிவு. காபியைக் குடி, ஆறிப்போகுது" என்பீர்கள்.

குடிசைகளை இடித்து ஆட்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து அந்த நர்ஸ் பெண் வீடு கேட்டு போன் செய்தபோது நான் தயங்கினேன். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே மனசு பின்வாங்கியது. அதற்கான சொல் எனக்கு நன்றாகத் தெரியும், தப்பெண்ணம். நீங்களும் அவளைப் பார்த்ததில்லை. ஆனாலும், "வரச் சொல்லுடி, நல்ல பொண்ணாத்தான் இருப்பா" என்றீர்கள்.

"பாக்காமலே சொல்றீங்களே, இதுவும் முன்முடிவுதானே?"

"கெட்டதா நெனச்சாத்தான் அது. நல்லதா நெனச்சா அதுக்குப் பேரு நம்பிக்கை."

மாடிக்குக் குடிவந்தாள், நல்ல பெண்ணாகவே இருந்தாள்.

உங்களுடைய அந்தக் கடைசி மத்தியானமும் அவள்தான் முதலில் கவனித்தாள். நீங்கள் என் கூடத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தீர்கள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "இன்னா ஆன்ட்டி, மூஞ்சே ஒரு மாதிரி கீது? கிளம்புங்க, ஆஸ்பத்திரில காட்டிக்கினு வந்துடலாம்."

"வெறும் கேஸும்மா. சீரகத் தண்ணி குடிச்சா சரியாயிடும்."

அவள் கேட்கவில்லை, ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் சீரகத்தைக் கொதிக்க வைத்தேன். உங்கள் வாக்கு பொய்த்ததே இல்லையே, அக்கா. ஆட்டோ வந்து நின்றபோது உங்களுக்கு மூச்சு இல்லை.

அவளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். நான் இன்னும் அந்த 'வெறும் கேஸ்' என்பதிலேயே நிற்கிறேன். நல்லதாகத்தானே நினைத்தீர்கள், அப்படியானால் அது நம்பிக்கையா? பலிக்கவில்லையே, அப்போது முன்முடிவா? அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. சில நாள் உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. செத்துப்போனவரிடம் என்ன கோபம் என்று பிறகு அழுகையும் வருகிறது.

சற்றுமுன் பொழிச்சலூரிலிருந்து ஒருவர் பேசினார். "மீன் யாவாரம்னா யாரும் வூடு தர மாட்டேன்றாங்கக்கா. அதான் முன்னாடியே சொல்லிடறேன். வந்து பாக்கலாமா, வேணாமா?"

என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், "வாங்க தம்பி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படி நினைத்துத்தான் உங்களைப் பறிகொடுத்தேன். அது தெரிந்தும் அப்படித்தான் நினைக்க வருகிறது, அக்கா. வேறு மாதிரி நினைக்க நீங்கள் என்னைப் பழக்கவில்லை.