மாப்பிள்ளைக்குத் தைத்த பட்டை

மார்ச் 4
மாப்பிள்ளைக்கு வெளிக்காற்று வேண்டுமாம். கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை என்பது எங்கள் முயல். தின்பார், தூங்குவார், தட்டு வரத் தாமதமானால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். வேறு என்ன பெயர் வைப்பது?

பூங்காவுக்குக் கூட்டிப்போக, கடையிலிருந்து ஒரு ஹார்னஸ், உடம்பில் மாட்டிக் கயிறு கட்டுகிற பட்டை, வாங்கி வந்திருக்கிறார். இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்தேன். நூல் என் மடியில் விழுந்தது. பை தைத்துப் பிழைக்கிறவள் வீட்டுக்குள் இப்படி ஒரு தையலா? நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6
தைத்தாயிற்று. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தபோதே அளவெடுத்தேன். பள்ளிக்கூடப் பைக்குப் போடும் நைலான் நாடா, நாலு பக்கமும் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு ஓட்டுத் தையல். உங்களையே தொங்கவிட்டாலும் அறாது என்றேன். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 9
பூங்காவில் முதல் நாள். "நாம அவரைக் கூட்டிட்டு வரல, அவர்தான் நம்மள மேய்க்கிறாரு" என்றார் இவர். பஸ்ஸில் ஊரையே அதட்டுகிற கண்டக்டர் மனுஷன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பின்னால் போனார்.

மார்ச் 15
மறுபடியும் பூங்கா.

எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. மாப்பிள்ளை பாய்ந்தார். கயிறு தீர்ந்த இடத்தில், காற்றிலேயே புரண்டு விழுந்தார். பட்டையில் ஒரு நூல் விடவில்லை. பின்னங்கால் இரண்டும் இழுபட்டுக் கிடந்தன. எந்திரிடா, எந்திரிச்சிருடா என் ராசான்னு அத்தனை பேர் நடுவுல கத்தினேன் — யார் பார்த்தா எனக்கென்ன.

கயிறு இவர் கையில் இருந்தது. பட்டை நான் தைத்தது.

படம் எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டரம்மா சொன்னார்: "முதுகெலும்பு தப்பிச்சிருச்சு. சதைதான் அடிபட்டிருக்கு. முயலுக்குப் பின்னங்கால்ல அவ்வளவு பலம், முதுகெலும்போ ரொம்ப லேசு. திமிறும்போது இழுத்துப் பிடிச்சா, அது உதைக்கிற உதை அது முதுகுலயே இறங்கும்."

நான் பைக்குத் தைக்கிற மாதிரி தைத்திருக்கிறேன். பைக்கு உதைக்கத் தெரியாது. தையல் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால்? அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருப்பார். அது மட்டும் நல்லதா?

மார்ச் 16
ஒன்றும் தின்னவில்லை. முயல் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுவிடுமாம். டாக்டரம்மா தந்த கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினேன். பிடித்துக்கொள்ள இவரைக் கூப்பிட்டேன். "நான் தொட வேணாம்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

மார்ச் 18
புழுக்கை போட்டிருக்கிறார். குண்டு குண்டாக, ஒரு கைப்பிடி. டிப்போவுக்குப் போன் போட்டு இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஏப்ரல் 2
நன்றாக நடக்கிறார். அப்போ பட்டையே கூடாதா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "கழுத்துப்பட்டை கூடவே கூடாது. சட்டை மாதிரி நெஞ்சையும் வயித்தையும் அணைச்சுப் பிடிக்கறதுன்னா போடலாம். கயிறு இழுத்தா நீளணும். வீட்டுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். அப்பவும் சிலதுக்குப் பிடிக்காது. அப்ப விட்டுடணும்."

ஏப்ரல் 5
பழைய பனியன் துணியில் சட்டை, எலாஸ்டிக் வைத்த கயிறு. இந்தத் தடவை அவர் நீட்டிப் படுத்தபோதும் அளந்தேன். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. போட்டுவிட்டேன். காதை மடக்கி, தரையோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு மட்டும் விட்டார்.

ஏப்ரல் 8
இன்றும் அதே. கழற்றிவிட்டேன். எனக்கு ஆற்றாமைதான், ஆனால் போட்டுக்கொள்ளப் போவது நானில்லை. அவரைக் கட்டத் தெரியாவிட்டால் என்ன, இடத்தைக் கட்டத் தெரியும் எனக்கு.

ஏப்ரல் 13
கூடாரத்துக்குப் போடும் வலைத்துணி, வளையும் கம்பி, ஓரத்தில் பெட்டிக்குப் போடுகிற தடி ஜிப். மடித்தால் தோளில் மாட்டலாம், விரித்தால் எங்கள் சமையலறை அளவு. நாய் வந்தால் வெளியிலேயே முட்டட்டும் என்று மேலேயும் மூடிவிட்டேன். அடியில் புல் மட்டும். உள்ளே நானே உட்கார்ந்து நாலு பக்கமும் உதைத்துப் பார்த்தேன். இவர் வெளியில் நின்று பார்த்தார்.

ஏப்ரல் 16
பூங்கா. மாப்பிள்ளை முதலில் மூலையில், பிறகு நடுவில், பிறகு இரண்டு துள்ளல். நான் உள்ளே, இவர் பெஞ்சில். "உள்ள வாங்களேன்" என்றேன். "என்னைப் பார்த்தா பயந்துக்குவாரு" என்றார். இந்த மனுஷனை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 24
கடையிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. என் சாவியில் திறந்தேன். கூடு காலி. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வலையும் இல்லை. ஜன்னலுக்கு ஓடினேன்.

கீழே, எங்கள் குடியிருப்பின் புல்லில் வலை விரித்திருந்தது. இவர் உள்ளே, சீருடையோடு, மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கையும் தலைக்குக் கீழே. விலாவை ஒட்டி மாப்பிள்ளை, காலை நீட்டி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. டூட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.