எட்டாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட்

கெல்டன், நெப்ராஸ்கா
மே 11

அன்பு மகள் நடீனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய வலது முழங்கால் மூவரும் ஏதோ இருக்கிறோம். அங்கே கொரியாவில், பூசானில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன தடவை போனில் பேசும்போது இருமினாய், கேட்டால் ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லாததற்கு யாரும் அப்படி இருமுவதில்லை, வெந்நீர் குடி. போன வாரக் காற்றில் நம் கொட்டகைக் கதவு பிய்ந்து பக்கத்துச் சோளக் காட்டில் போய் விழுந்தது, நான் ஆள் கூப்பிடலாம் என்றேன், உன் அப்பா கேட்டால்தானே, தானே இழுத்துவந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் பேஸ்பால், கொட்டாவி விடாமல் கேள்.

பருவம் சனிக்கிழமையோடு முடிந்தது. ஏழு வெற்றி, முப்பத்தெட்டு தோல்வி. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து நம் நாரைகள் அணி இவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லை. மார்ச் மாதம் ஆற்றுக்கு வந்து இறங்கும் நிஜ நாரைகளை மைதானத்தில் விட்டிருந்தால் பத்து ஆட்டமாவது ஜெயித்திருக்கும் என்று தபால் ஆபீஸில் கேலி பேசினார்கள், நான் தபால்தலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏப்ரலில் பனி கொட்டிய ஒரு நாள் பத்தொன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம், அடுத்த வாரம் ஆறு ஓட்டம் முன்னால் இருந்துவிட்டு அதையும் கோட்டை விட்டோம். முப்பத்தோரு வருடமாக இந்த அணியைப் பார்க்கிறேன், இந்த வருடம்தான் முதல் தடவையாகப் போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஸ்கோர் புத்தகம் என் கையில் இருக்கிறதே, போகாமல் எப்படி இருப்பது.

நீ சின்ன வயதில் ஆட்டத்துக்கு வந்தாலும் கதைப் புத்தகத்திலிருந்து தலை தூக்கியதில்லை, அதனால் உன் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடுகிறான். அவன் அடித்த அடி நல்ல அடியாக இருந்து போய்ச் சேர்ந்தால் அது ஹிட். பிடிக்க வேண்டிய பந்தை எதிரில் நிற்பவன் நழுவவிட்டதால் போய்ச் சேர்ந்தால் அது எரர், நழுவவிட்டவன் பெயரில் காலத்துக்கும் ஏறிவிடும். எது என்று தீர்மானிப்பது நடுவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை, மேலே மரக் கூண்டில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா. அந்தக் கூண்டில் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. நான் பாதி நேரம் என் கைகளின் மேல் உட்கார்ந்திருப்பேன்.

கத்துவதற்கு உன் அப்பா இருக்கிறார். இந்த வருடம் அவர் வாயில் விழுந்தது இசிட்ரோ என்கிற முதல் வருடப் பையன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவன், பந்து அதிகம் வருகிற இடம், மார்ச்சிலிருந்து இருபத்தொன்பது எரர். உன் அப்பா அவனுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தார், பந்து அவன் பக்கம் உருளும்போதெல்லாம் சல்லடை வருது, சல்லடை வருது என்று கத்தினார், சுற்றி இருப்பவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் வீட்டில் இரண்டு மூன்று முறை சொன்னேன், விளையாட்டு என்றால் இதெல்லாம் இருக்கும் என்றார்.

சனிக்கிழமை பந்து வீசியவன் ஹவ்லிக். நாலாவது வருடம், கடைசி ஆட்டம், ஜூனில் அவன் மாமாவின் விதைக் கடைக்கு வேலைக்குப் போகிறான், இனி வாழ்நாளில் பந்து வீசப் போவதில்லை. நாலு வருடத்தில் அவன் ஜெயித்தது மூன்றே ஆட்டம். அப்படிப்பட்டவன் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. ஆறு போயிற்று, ஏழும் போயிற்று. முழு ஆட்டமும் அப்படி முடித்தவன் நம் கல்லூரியில் இதுவரை ஒருவனும் கிடையாது. இந்த மாதிரி நேரத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, பேசினால் கலைந்துவிடும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம். பெஞ்சில் ஹவ்லிக்குக்கு இரண்டு பக்கமும் ஆளே இல்லை. உன் அப்பா நாற்பது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தார், எங்கள் கல்யாண நாளில்கூட அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

எட்டாவது இன்னிங்ஸ், ஒருவன் பந்தைத் தரையோடு தரையாக இரண்டாம் தளத்துப் பக்கம் அடித்தான். இசிட்ரோ பாய்ந்தான். உடம்பு முழுவதும் நீட்டி விழுந்தான், பந்து கையுறையின் நுனியில் பட்டது, பட்டுத் தெறித்துவிட்டது. அடித்தவன் தளத்தில் நின்றான். பார்க்க வந்திருந்த நூற்றைம்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எரர் என்றால் ஹவ்லிக் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் அப்படியே நிற்கும். நான் ஹிட் என்று போட்டேன். எல்லோரும் ஐயோ என்ற சத்தம் மேலே வரை வந்தது. அதற்குப் பிறகு எதிரணியில் யாரும் அடிக்கவில்லை, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம், ஆனால் ஸ்கோர் பலகையில் ஹிட் என்ற இடத்தில் ஒரு ஒன்று உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் மாலை ஐந்து மணி வரை முடிவை மாற்ற எனக்கு உரிமை உண்டு, அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஞாயிறு மதியம் வாசல் மணி அடித்தது. போய்ப் பார்த்தால் இசிட்ரோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அவனிடம் கார் கிடையாது, விடுதியிலிருந்து நாலு மைல் நடந்தே வந்திருக்கிறான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“அது என் தப்பு மேடம். கையில பட்டுச்சு, புடிச்சிருக்கணும். எரர்னு மாத்திடுங்க. ஏற்கெனவே இருபத்தொம்போது இருக்கு, முப்பதா இருந்துட்டுப் போகட்டும். ஹவ்லிக்குக்கு இது ஒண்ணுதான் மேடம்.”

படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து, சார்கிட்டயும் சொல்லிடுங்க, வருஷம் பூரா அவர் சொன்னது சரிதான் என்றான். உன் அப்பா சமையலறைக் கதவுக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அவன் தெரு முனைக்குப் போகும்வரை அசையவில்லை. பிறகு கோப்பையை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நடீன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, தன் பெயரில் கறை போடச் சொல்லி நாலு மைல் நடந்து வந்திருக்கிறான்.

நான் புத்தகத்தைத் திறந்து அழிரப்பரைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் வாசலில் ஹவ்லிக்கின் வண்டி வந்து நின்றது. இவன் எதற்கு வருகிறான் என்று புரிந்துவிட்டதாக நினைத்தேன், மாற்றச் சொல்லிக் கேட்க அவனுக்கு முழு நியாயமும் இருந்தது. அவன் சொன்னது இது.

“எல்லாரும் மாத்தச் சொல்லி உங்கள நச்சரிப்பாங்கன்னு தெரியும். மாத்திடாதீங்க மேடம். அவன் அங்க வரைக்கும் போனதே பெருசு. அவன் தலையில ஏத்தி எனக்கு ஒண்ணும் வேணாம்.”

இசிட்ரோ வந்துபோனதைச் சொன்னேன். ஹவ்லிக் உடனே கிளம்பிவிட்டான். நான் கதவைச் சாத்திவிட்டு நடுக்கூடத்தில் நின்று அழுதேன். இரண்டு தடவை கோப்பை ஜெயித்த அணிகளையெல்லாம் பார்த்தவள் நான், அவற்றில் இப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு தோல்வியையும் பார்த்துவிட்டு இவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்று நானும்தானே முணுமுணுத்தேன்.

ஆனால் இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதால் அந்தப் பந்து ஹிட்டா எரரா என்பது மாறிவிடாதே. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு ஹிட் என்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று யோசித்துக்கொண்டே இரவுச் சமையலை ஆரம்பித்தேன்.

ஆறு மணிக்கு உன் அப்பா வந்தார். கால்சட்டை முழுக்கச் செம்மண், கைகளில் கொப்புளம், முழங்கால் பூசணி போல இருந்தது. நாற்காலியில் விழுந்து, என்ன போட்டாய் என்று கேட்டார். ஹிட் என்றேன். தலையை ஆட்டினார்.

“சரிதான். இசிட்ரோவக் கூட்டிக்கிட்டு மைதானத்துக்குத்தான் போனேன். அதே எடத்துக்கு, அதே வேகத்துல, நானே இருபது தரம் அடிச்சேன் ஆர்லீன். ஒரு தரம்கூட அவனால தொட முடியல.”

உன் இருமலுக்கு டாக்டரைப் பார், காலையில் வெறும் காபியோடு ஓடாதே, இருமல் நிற்கும்வரை மேல்கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் செய்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா
ஆர்லீன்