கண்ணாடியின் உயரம்

ஹாலாவாரா
1 மார்ச் 1970

அன்புள்ள அம்மா,

கம்பளிக் கையுறை வந்து சேர்ந்தது. ஆணி அடிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. பள்ளி மண்டபத்தில் அவ்வளவு குளிர்.

நாடக வகுப்பில் இந்த வருடம் நாங்களே எழுதிய கதை. மர ஆலையை மூடிய பிறகு, உன்னைப் போலவே பிழைப்புக்காக ஸ்வீடன் போகிற ஒரு அம்மா. அந்த அம்மாவாக நடிப்பது நான்தான். மேடைக்குச் சுவர் அடிப்பதும் நான்தான். இடது பாதி நம் ஊர்ச் சமையலறை, வலது பாதி ஸ்வீடன் அறை, நடுவில் ஒரு கதவு.

கடைசியில் அவள் திரும்பி வருகிறாளா என்று தினமும் சண்டை. ரௌத்தியோ சார், "வரணும். ஜனங்க அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகக் கூடாது" என்கிறார். அப்பாவாக நடிக்கும் செப்போ விடவில்லை. "ஆலையை மூடினவரு முன்வரிசையில உக்காந்து கைதட்டுவாரு சார். அதுக்கா அவ வரணும்?" நான் சார் பக்கம். "எங்கம்மா வருவா. உனக்கென்னடா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

சமையலறை எனக்குத் தெரியும். உன் அறை தெரியாது. எது எங்கே என்று அளந்து எழுது. உத்தேசம் வேண்டாம், பலகை வீணாகும்.

ஏப்ரல் 18 நாடகம். லீவு கேட்டுவிட்டாயா?

உன் ஐலா


கோதன்பர்க்
ஸ்வீடன்
9 மார்ச்

கண்ணே ஐலா,

நாள் முழுக்கக் கார்களுக்குக் கதவு மாட்டுகிறேன். நீயும் அங்கே கதவு மாட்டுகிறாய் என்று தைமியிடம் சொல்லிச் சிரித்தேன். என்னோடு அறையில் இருப்பவள் அவள்தான். தொழிற்சாலையில் பெட்டி போட்டு ஏறி நின்று வேலை செய்யும் குள்ளச்சி.

கட்டில் ஜன்னலை ஒட்டி. மேசை, இரண்டு நாற்காலி. கழுவுதொட்டிக்கு மேல் கண்ணாடி. தரையிலிருந்து அதன் அடிவிளிம்பு நூற்று அறுபது சென்டிமீட்டர். நுனிக்காலில் நின்றுதான் தலை சீவுகிறேன். நீ சொன்னபடி டேப் வைத்து அளந்தேன்.

கட்டாயம் வருகிறேன். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

அன்பு முத்தங்களுடன்
அம்மா


ஹாலாவாரா
27 மார்ச்

அம்மா,

சுவரை நிறுத்தி, கண்ணாடியை நீ எழுதிய உயரத்தில் மாட்டினேன். நானும் நீயும் ஒரே உயரம். எதிரே நின்றால் என் முகமே தெரியவில்லை. எக்கி நின்றால் நெற்றி மட்டும்.

செப்போ கேட்டான், "யாருக்குடி இது? உங்கம்மா ஏணி போட்டா தலை சீவுறாங்க?" எல்லோரும் சிரித்தார்கள், நானும். வகுப்பிலேயே நெட்டையன் அவன். போய் நின்றான். முகம் சட்டம் போட்டதுபோல் உள்ளே உட்கார்ந்தது. விளையாட்டுக்குத் தாடையைத் தூக்கி, சவரம் செய்வதுபோல் விரலை இழுத்தான்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

இறக்கி மாட்டச் சொன்னார் சார். மாட்டேன் என்றேன். தைமிக்கு அது எட்டாது. நம்மைவிடக் குள்ளமான அப்பாவுக்கும் எட்டாது. அளவைத் தப்பாக எழுதிவிட்டாயா, அம்மா? இன்னொரு முறை அளந்து எழுது.

ஐலா


கோதன்பர்க்
8 ஏப்ரல்

கண்ணே,

காபித்தூளும் சாக்லேட்டும் அனுப்பியிருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை, ஷிப்டு மாற்றிவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே. பள்ளி முடிந்ததும் ஜூனில் நீ இங்கே வந்துவிடு. குழாயைத் திறந்தால் எந்நேரமும் வெந்நீர். உட்கார்ந்து பேசலாம். அதுவரை அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

தொண்டையைப் பார்த்துக்கொள்.

அம்மா

பி.கு.: அளவு சரிதான்.


ஹாலாவாரா
19 ஏப்ரல்

அம்மா,

நாடகம் முடிந்தது.

சார் சொன்ன முடிவைத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். கண்ணாடியில் தலை சீவி, பெட்டியை எடுத்து, கதவைத் திறந்து சமையலறைக்குள் வர வேண்டும். எக்கி நின்று சீவினேன். பெட்டியை எடுக்கக் கை போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருந்த செப்போ பதறினான், "ஐலா, கதவைத் திறடி!" அவள் வரக் கூடாது என்று மல்லுக்கு நின்றவன்! திரை விழுந்தது. முன்வரிசைப் பெரிய மனிதருக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று புரியவில்லை. ஆலையை மூடியதற்காக அவரை வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். நீ வராததற்கு அவரைத் திட்ட முடியவில்லை.

அப்பா இரண்டாம் வரிசையில் இருந்தார். சுவர்களைப் பிரிக்க அவரும் வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். "அவ ரூம்ல இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"அளந்து எழுதினா, பா."

அப்பா ஆணிகளைப் பிடுங்கி, கோணலை நிமிர்த்திப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடுவரை நடந்தார்.

இன்று காலை, கண்ணாடியை மாட்ட நம் கழுவுதொட்டிக்கு மேலே பென்சிலோடு நின்று, "உங்கம்மா உயரத்துக்குக் கோடு போடவா?" என்றார்.

"வேணாம்பா. உங்க உயரத்துக்குப் போடுங்க" என்றேன்.

ஜூனில் நான் வரவில்லை. அந்தக் கண்ணாடி யார் உயரத்துக்கு என்பதை அவருக்கு நீயே எழுது.

கண்ணாடி எனக்குக் கொஞ்சம் தாழ்வுதான். குனிந்து சீவிக்கொள்கிறேன்.

ஐலா