கெட்டி ஆயிலும் ஆடிப்பூரமும்

அத்தான்,

கடந்த வியாழக்கிழமை ராஜபாளையத்து உதிரிபாகக் கடை ஒன்றில் நம் குடும்பம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தது. பத்திரிகைகள் எதுவும் கவனிக்காததால் நானே உங்களுக்குத் தெரிவிக்கிறேன். லோடு வண்டிக்கு இனி மெல்லிய ஆயில்.

பழைய ஆயிலின் வாடை இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது. சோப்புக்கு அது அசையவில்லை. உங்களைப் போலவே.

ஆயில் வாங்கும்போது ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பீர்கள். நூல் விட்டால் தேறியது. "நம்ம ஊரு வெயிலுக்குக் கஞ்சி மாதிரி நிக்கணும் மாப்ள" என்பீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு மாதிரி போட்டிருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "அதை எழுதுனவன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல சித்திரை மாசம் இருந்திருக்கானா?" என்று கேட்டீர்கள். இருந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மாற்றுவதற்கும் உங்களுக்கு ஒரே கணக்குத்தான். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள். வண்டி வருஷம் முழுக்க ஓடினாலும் சரி, பாதி நாள் நிழலில் நின்றாலும் சரி, இஞ்சினுக்கு அன்றைக்குத்தான் எண்ணெய்க் குளியல்.

நீங்கள் கண்மூடிய பிறகு அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். கடைகளுக்குப் பால்கோவா போடுவது அவள்தான். அந்த வண்டிதான் வீட்டில் உலை வைக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் கிளப்பினால் கடகடவென்று ஒரு சத்தம். "ஆயில் மேல ஏறவே நேரமாகுது. இன்னும் இந்தக் கஞ்சியவே ஊத்துனீங்கன்னா இஞ்சினையே எறக்க வேண்டியதுதான்" என்றார் மெக்கானிக். இஞ்சினை இறக்கினால் அக்காவும் வீட்டில் இறங்கிவிட வேண்டியதுதான்.

கடைக்காரர் பழக்கதோஷத்தில் உங்கள் கேனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அண்ணாச்சி வாங்குறதுதானே அக்கா?"

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அவிய ஊத்துனத மாத்துனா அவியளயே மாத்துன மாதிரி இருக்காதா?"

கையேட்டை முழுவதும் படித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அதற்கு அதில் பக்கம் இல்லை.

அவளே பதிலும் சொன்னாள்: "அவிய கெட்டி ஆயில் மேல ஆசப்பட்டா ஊத்துனாவ? வண்டி நல்லா ஓடணும்னு ஊத்துனாவ. ஓடுறதுக்கு எதுவோ அதக் குடுங்க."

கேன் மாறியது. அடுத்து எப்போது மாற்றுவது என்று கடைக்காரர் கேட்டதற்கு, கையேட்டிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் என்றேன். "கட கடையா நிப்பாட்டி, புழுதியில ஓட்டுறவ நானா, கையேடா?" என்றாள். கடினமாக ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே மாற்றவேண்டும் என்று அதே கையேட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் அதுவரை போகவில்லை. அதில் பாதி, ஐயாயிரத்திலேயே மாற்றுவதென்று முடிவாயிற்று.

"அப்ப ஆடிப்பூரம்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு நான் தேர் இழுக்கப் போவேன்."

உங்கள் விரல் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது அத்தான். தேன், பாகு, சில நாள் சாம்பாரைக்கூட இழுத்துப் பார்க்கிறேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா, இதுவரை போகாத வ. புதுப்பட்டிக் கடைகளுக்கும் சரக்குப் போடுகிறாள்.