சோஃபாவில் ஆறு குஷன்

ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள் அவள். வேலைக்குக் கிளம்பும் முன் கணவனுக்கு எழுதிய சீட்டை, சோஃபாவிலிருந்த குஷன் மேல் விரல் படாமல் குண்டூசியால் குத்தினாள்.

"என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. வீட்டை அழகாக்க மலிவா கெடச்சுதுன்னு ஆறு குஷன் வாங்கிட்டு வந்தீங்களே, அது எங்க ஹோட்டல்ல கழிச்சுக் கட்டினது. நேத்து நான் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருந்தது அதனாலதான். படுக்கை விரிப்பைத் தினமும் மாத்துவோம். இந்தக் குஷனுங்களை ஒரு நாளும் துவைச்சதில்ல. உங்க அக்கா வந்து கைக்குழந்தையை அதுல படுக்க வைக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் குப்பையில போடுங்க."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"நம்பலன்னா நீலக் குஷனைத் திருப்பிப் பாருங்க, வாந்திக் கறை இருக்கும். ஹோட்டல்ல அன்னைக்கு சென்ட் அடிச்சுத் திருப்பி வைச்சதே நான்தான்."