கெடா வண்டியின் கை

அக். 8, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். மாதா கோயில் பூசை முடிந்து வருவதற்குள் சட்டை தொப்பல். மதியம் ஏகாம்பரம் வந்தான், திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில். எங்கள் ஒர்க்‌ஷாப் வெல்டர். ஏப்ரலில் பிரெஸ் மெஷின் என் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனபோது தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டியவன்.

ஆயுத பூஜைக்கு இந்த வருஷமும் கெடா வண்டிச் சண்டை உண்டாம். செக்‌ஷனுக்கு ஒரு குட்டி வண்டி. பேட்டரி, மோட்டார், நீள ஒயரில் சுவிட்ச். எதிராளி வண்டியைக் கவிழ்த்தால் ஜெயம். போன வருஷம் ஆட்டுக்கிடா மாதிரி முட்டிக்கொண்டு நின்றதோடு சரி, ஒன்றும் கவிழவில்லை.

முட்ட வேண்டாம், அடியில் நுழைந்து தூக்குவோம் என்றேன்.

"தூக்கிப் போட்ருவமா மாமு?" அவனுக்கு ஒரே குஷி.

எனக்கு வேறு கணக்கு. பன்னிரண்டு வருஷம் ஃபிட்டர். ஆறு மாதமாக ஸ்டோரில் மெஷின் துடைக்கிற கழிவுப் பஞ்சு எடுத்துக் கொடுக்கிறேன். பூஜை முடிந்ததும் ஃபோர்மேன் ஆள் பட்டியல் எழுதுவார். ஃபிட்டர் பெஞ்சுக்குத் திரும்புவேனா, ஸ்டோரிலேயே கிடப்பேனா என்று அதில் தெரிந்துவிடும். இந்தக் கை இன்னும் வேலை செய்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அக். 10, செவ்வாய்

புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து புகை, கண்ணெரிச்சல்.

கிடைத்தவை: லாரி வைப்பர் மோட்டார் மூன்று (கொருக்குப்பேட்டை பழைய இரும்புக் கடை). இரண்டு சக்கரத்துக்கு, ஒன்று தூக்கும் கைக்கு. பழைய பேட்டரி. பட்டை இரும்பு.

கை ஒன்றரை அடி வைத்தேன். ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கவில்லை, மோட்டார் முனகியது. பாதியாக அறுத்தேன். தூக்கியது. நீளம் கூடினால் பலம் குறையும் என்று இந்த வயசிலா எனக்குத் தெரிய வேண்டும்? என் மேலேயே எரிச்சல்.

நுனியை முறம் மாதிரி தட்டையாகத் தேய்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் இல்லாமல் அரம் நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினேன். ஒரு மணி நேர வேலை, நாலு மணி நேரம். பெண்டாட்டி மேரி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக். 12, வியாழன்

மழை இல்லை. மூன்று செங்கல் வைத்துச் சோதனை. செங்கல் எழும்பவில்லை, எங்கள் வண்டியின் பின்பக்கம்தான் எழும்பியது.

"இன்னா மாமு, நம்ம கெடா கும்புட்டு வுழுந்துகினு கீது!" என்று ஏ. சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டரியைப் பின்னால் தள்ளிக் கட்டினோம். சரியாகிவிட்டது.

கை அசையும் இடத்தில் ஒரு போல்ட். நட்டு அதிகம் இறுகினால் கை பிடித்துக்கொள்ளும். பூஜை அன்று ஸ்பேனர் எல்லாம் சாமி முன்னால், மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். அதனால் இரண்டு காது வைத்த விங் நட்டாகப் போட்டேன், விரலாலேயே திருகிக்கொள்ளலாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அக். 14, சனி

ஒர்க்‌ஷாப் முழுக்கக் கழுவல், துடைப்பு, பெயிண்ட். ஸ்டோரில் மூச்சுவிட நேரமில்லை. பிரஷ், மண்ணெண்ணெய், பெயிண்ட் டப்பா, பிரஷ், பிரஷ். ஏ. வந்து பச்சை பெயிண்ட் கேட்டான். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. முதுகு வலி.

அக். 16, திங்கள்

பூஜை. பொரி, கடலை, கற்பூரப் புகை. வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் எங்கள் கெடா, சாமந்தி மாலையோடு. சந்தனம், குங்குமம். முழுக்கப் பச்சை. போல்ட், நட்டு, காது, எல்லாம் பச்சை. நட்டைத் திருகிப் பார்க்க வேண்டும். தீபாராதனைக்கு முன் கை வைக்க முடியாது.

முடிந்ததும் நேராகச் சண்டை. எதிரில் லேத் செக்‌ஷன் வண்டி. எங்களுடையது அடியில் நன்றாக நுழைந்தது. சுவிட்சை அழுத்தினேன். கை அசையவில்லை. பெயிண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரெண்டு நிமிஷம் தரேன்" என்றார் ஃபோர்மேன்.

உட்கார்ந்து நட்டைத் திருகினேன். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வழுக்கியது. மறுபடி. மறுபடி. இடது கையால் திருக மோட்டார் இடிக்கிறது.

"பாவம்பா, அந்தாளு கை..." யாரோ பின்னாலிருந்து.

ஏ. மண்டியிட்டான். இரண்டே விரல். "தட்" என்று விட்டது.

ஜெயித்தோம். லேத் வண்டி மல்லாந்து சக்கரம் சுற்றியது. விசில், கூச்சல். ஏ. என்னைத் தூக்கிக்கொண்டான். மேலேயிருந்து ஃபோர்மேனைத் தேடினேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக். 17, செவ்வாய்

லீவு. வானம் மூடியே கிடந்தது. ஏ. வந்தான், உட்காரவில்லை.

"சோக்கா இருக்கட்டும்னுதான் அட்ச்சேன் சவரி. அந்த நட்டு நெனப்பே இல்ல."

பெயிண்ட் கொடுத்தது நான்தானே என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளே கோபம் இருந்தது, பெயிண்டுக்காக அல்ல. அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சுலபமாகத் திருகிவிட்டான்.

மேரி காபி கொடுத்தாள். அவன் குடிக்காமல் போனான்.

அக். 18, புதன்

மழை. ஃபோர்மேன் கூப்பிட்டார். தூக்குகிற யோசனை உன்னுடையதா என்று கேட்டார். ஆமாம் சார்.

"மூளை நல்லா வேலை செய்யுது சவரி. ஸ்டோருக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும். பேர் எழுதிட்டேன்."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூஜையிலிருந்து ஸ்பேனர்கள் திரும்பி வந்தன, குங்குமத்தோடு. துடைத்து ஆணியில் மாட்டினேன். பதினொரு மணிக்கு ஏ. வந்தான், விங் நட்டு ஒன்று வேண்டுமாம். டப்பாவிலிருந்து எடுத்தேன், விரலில் நிற்காமல் தரையில் விழுந்து உருண்டது. அவன் காலடியில்தான் கிடந்தது. குனியப் போனவன் நிமிர்ந்துகொண்டான். நான் சுற்றி வந்து, குனிந்து, மூன்றாவது தரம் அது கையில் வரும்வரை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.